இரண்டு குளவிகள்: 'பிரைட்பர்ன்' தவறவிட்ட கதை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் சினிமா பக்கத்தை விடாமல் படிக்கிற வாசகி நான். சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி நிறைய எழுதுகிறீர்கள், பேய்ப் படங்களைப் பற்றியும் எழுதுகிறீர்கள், ஆனால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எடுத்த படங்களைப் பற்றி அங்கே அதிகம் படித்த ஞாபகம் இல்லை. போன வாரம் தங்கை வீட்டில் 'பிரைட்பர்ன்' படத்தை இரண்டாவது தடவையாகப் பார்த்தேன். 2019-ல் வந்த அமெரிக்கப் படம், டேவிட் யாரோவெஸ்கி இயக்கியது. முதல் தடவை பார்த்தபோது "சரி, ரத்தம் தெறிக்கிற இன்னொரு படம்" என்று விட்டுவிட்டேன். இந்தத் தடவை பார்த்து முடித்தபோது மனசு ஆறவே இல்லை. இவ்வளவு நல்ல கருவைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் சிந்திவிட்டார்களே என்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரு என்னவென்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். வானத்திலிருந்து விழுந்த குழந்தையைக் கேன்சஸ் மாநிலத்தில் விவசாயம் செய்கிற, பிள்ளையில்லாத ஒரு தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். இதுவரை சூப்பர்மேன் கதை. இதில் அந்தப் பிள்ளை நல்லவனாக வளரவில்லை என்றால்? அவ்வளவுதான். கேட்டவுடனே முதுகுத்தண்டு சில்லிடுகிறது இல்லையா? இத்தனைக்கும் இது புதிதாக முளைத்த கேள்வியும் கிடையாது. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-ல் நாம் அறிந்த சூப்பர்மேனைக் கொண்டுவருவதற்கு முன்னால், 1933-லேயே 'தி ரெய்ன் ஆஃப் தி சூப்பர்மேன்' (சூப்பர்மேனின் ஆட்சி) என்று ஒரு சிறுகதையைக் கொண்டுவந்தார்கள், சீகல் எழுத, ஷஸ்டர் படம் வரைந்தார். அதில் வருகிறவன் வில்லன். சக்தி கைக்கு வந்ததும் உலகத்தை ஆளக் கிளம்புகிறவன். அப்புறம்தான் அவர்கள் அவனைத் திருப்பிப் போட்டு நல்லவனாக்கினார்கள். ஆக, நாம் கொண்டாடுகிற அந்தச் சிவப்புத் துணிக்குப் பின்னால் ஆரம்பத்திலிருந்தே இந்தப் பயம் ஒளிந்துகொண்டிருக்கிறது. வானத்திலிருந்து வந்தவன் நல்லவனாக வளர்ந்தது நம் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம் இல்லாமல் போனால் அவனை யார் தடுப்பது?

படம் ஆரம்பிக்கிற விதமும் அழகாக இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அலமாரியில் குழந்தைப்பேறு பற்றிய புத்தகங்கள் அடுக்கியிருக்கின்றன. அதைப் பார்த்தவுடனே அந்த வீட்டில் எத்தனை வருஷம் என்ன நடந்திருக்கும் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது, ஒரு வசனமும் தேவைப்படவில்லை. எலிசபெத் பேங்க்ஸ் தாயாக நடித்திருக்கிறார், பெயர் டோரி. டேவிட் டென்மன் தகப்பன், பெயர் கைல். வளர்ந்த பையன் பிராண்டனாக ஜாக்சன் டன் என்கிற சிறுவன். அந்தப் பையனின் முகம் பெரிய கொடுப்பினை. சாதுவான, கொஞ்சம் சோர்ந்த முகம், எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற பையனின் முகம்.

நான் ஆசிரியை. இருபது வருஷமாகப் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகளோடுதான் என் பகல் முழுக்கப் போகிறது. அதனால்தான் இந்தப் படம் என்னை இவ்வளவு பிடித்து உலுக்கியது என்று நினைக்கிறேன்.

படத்தில் வகுப்பறைக் காட்சி ஒன்று வருகிறது. தேனீக்கும் குளவிக்கும் என்ன வித்தியாசம் என்று டீச்சர் கேட்கிறார். பிராண்டன் பதில் சொல்லிக்கொண்டே போய் ஒரு குறிப்பிட்ட குளவி இனத்தைப் பற்றிச் சொல்கிறான். சொந்தமாகக் கூடு கட்டுகிற திறமையை இழந்துவிட்ட குளவி அது. வேறொரு குளவிக் கூட்டுக்குள் பலவந்தமாகப் புகுந்து, அங்கே இருக்கிற ராணியை அடக்கிவிட்டு, அந்தக் கூட்டின் வேலைக்காரக் குளவிகளையே தன் குஞ்சுகளுக்குத் தீனி போட வைக்கும். இது கற்பனை இல்லை, உண்மையிலேயே அப்படி ஓர் இனம் இருக்கிறது. நாம் காக்கைக் கூட்டில் குயில் முட்டை என்று சொல்வோமே, அதே சங்கதி, ஆனால் குயிலைவிடக் கொடூரம். பையன் இதைச் சொல்லி முடித்ததும் மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், கெய்ட்லின் என்கிற பெண் மட்டும் திரும்பி அவனுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்கிறாள். சின்னக் காட்சிதான். ஆனால் மொத்தப் படத்தையும் இதிலிருந்தே கட்டியிருக்கலாம்.

ஏனென்றால் குளவியைப் பற்றி நம் ஊரில் இதற்கு நேர் எதிரான ஒரு நம்பிக்கை உண்டு. குளவி எங்கிருந்தோ ஒரு புழுவைத் தூக்கிக்கொண்டு வந்து மண்கூட்டில் வைத்து, கொட்டிக் கொட்டி அதையும் தன்னைப்போலவே குளவியாக்கிவிடும் என்பார்கள். கொட்டக் கொட்டக் குளவி என்று எங்கள் பாட்டி சொல்லும். விலங்கியல்படி அது தப்பு, அந்தப் புழு குளவிக் குஞ்சுக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். ஆனால் அந்த நம்பிக்கையில் எவ்வளவு பெரிய ஆசை இருக்கிறது பாருங்கள்! பிறப்பு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் வைத்து வளர்த்தால் நம்மைப்போல் ஆகிவிடும் என்கிற ஆசை. டோரியின் ஆசையும் அதுதான். அவள் பாட்டியின் குளவியை நம்பிப் பிள்ளையை வளர்க்கிறாள். அவள் வீட்டுக்குள் வளர்வதோ பிராண்டன் வகுப்பில் சொன்ன குளவி. படம் இந்த இரண்டு குளவிகளுக்கு நடுவில் கடைசி நிமிஷம்வரை நம்மைத் தவிக்க விட்டிருக்க வேண்டும். எது நிஜம் என்று நமக்குத் தெரியக்கூடாது. பையனுக்கே தெரியக்கூடாது.

படம் என்ன செய்கிறது? கொட்டகைக்குக் கீழே சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிற விண்கலம் ஒருநாள் ராத்திரி சிவப்பு வெளிச்சம் விட்டு அவனைக் கூப்பிடுகிறது. புரியாத பாஷையில் ஏதோ சொல்கிறது, உலகத்தை எடுத்துக்கொள் என்று கட்டளையிடுகிறது. பையன் மாறிவிடுகிறான். கதை முடிந்துபோயிற்று! இதுதான் என் பெரிய வருத்தம். இங்கே ஒரு சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். நேற்றுவரை நல்ல பிள்ளை, இன்றைக்குக் கொலைகாரன், காரணம் ஒரு பெட்டி. அப்படியென்றால் அவன் மனசுக்குள் என்ன நடந்தது என்று யோசிக்க நமக்கு எதுவுமே மிச்சமில்லை. அவன் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, அவனுக்குச் சபலம் வரவில்லை, அவன் ஒரு தடவைகூட வேண்டாம் என்று பின்வாங்கவில்லை. பேய் பிடித்த கதை என்றால் அதை அப்படியே எடுத்திருக்கலாமே, சூப்பர்மேனின் கிராமத்தையும் அப்பா அம்மாவையும் எதற்கு இவ்வளவு அக்கறையாகக் கொண்டுவர வேண்டும்?

இத்தனைக்கும் அந்தச் சுவிட்ச் தேவையே இல்லை என்று படத்திலேயே சாட்சி இருக்கிறது. புல்வெட்டும் இயந்திரக் காட்சியைச் சொல்கிறேன். பிராண்டன் கயிற்றை இழுக்கிறான், இயந்திரம் ஓடவில்லை. மறுபடி இழுக்கிறான், எரிச்சல் வருகிறது, ஒரு வெட்டு வெட்டி இழுக்கிறான். இயந்திரம் பறந்துபோய் எங்கோ தூரத்தில் விழுகிறது. நடந்துபோய்ப் பார்க்கிறான். கவிழ்ந்து கிடக்கிறது, கத்தி படுவேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவன் மெதுவாகக் கையை நீட்டுகிறான். நான் சோபாவில் காலை மடக்கிக்கொண்டேன். கையை உள்ளே விடுகிறான். கை அப்படியே இருக்கிறது, கத்தி வளைந்துபோய்விட்டது. அந்த முகத்தில் வருகிற பார்வை இருக்கிறதே, அதில் எல்லாமே இருக்கிறது. பயம், ஆச்சரியம், அப்புறம் 'எனக்கு எதுவும் ஆகாது' என்று தெரிந்துகொண்ட ஒரு நிம்மதி. கேலிக்கு ஆளாகிற ஒரு பையன் தனக்கு எதுவும் ஆகாது என்று தெரிந்துகொண்டால் அடுத்த நாள் பள்ளிக்கு எப்படி வருவான்? அதுதான் கதை. விண்கலம் பேசவே வேண்டாம்.

பன்னிரண்டு வயசு என்பது சாதாரண வயசு இல்லை ஐயா. என் வகுப்பில் சில வருஷம் முன்னால் ஒரு பையன், அதுவரை அதட்டினாலே கண் கலங்குகிறவன், திடீரென்று நோட்டுப் பக்கங்களைக் கிழித்துக் கிழித்துப் பெஞ்சுக்கு அடியில் போட ஆரம்பித்தான். பெரிய தப்பெல்லாம் இல்லை, ஆனால் தினமும் ஒரு குவியல். ஏன்டா என்று கேட்டால் தெரியலை மிஸ் என்பான். பொய் சொல்கிற முகம் இல்லை, நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. குரல் உடைந்து, ஒரே வருஷத்தில் என்னைவிட உயரமாகி, தன் கை கால்களே தனக்கு அந்நியமாகி நின்றுகொண்டிருந்தான். அந்த வயசில் எல்லாப் பிள்ளைகளுக்குமே உடம்புக்குள் யாரோ ஒருத்தன் புதிதாகக் குடிவந்த மாதிரிதான் இருக்கும். இந்தப் படத்தின் உண்மையான திகில் அங்கே இருக்கிறது. எழுதியவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது, ஏனென்றால் தகப்பன் பையனைக் காட்டுக்கு அழைத்துப்போய் அந்த வயசின் மாற்றங்களைப் பற்றிக் கூச்சத்தோடு பேசுகிற காட்சி இருக்கிறது. அந்த மாதிரி உந்துதல் வந்தால் தப்பில்லை என்று அவர் வேறு எதையோ நினைத்துச் சொல்கிறார், அவன் வேறு எதையோ புரிந்துகொள்கிறான். அருமையான இடம்! ஆனால் அதோடு சரி. அந்தப் பேச்சு பிற்பாடு எங்கேயும் அந்தத் தகப்பனைத் திரும்பவந்து குத்துவதில்லை. நான்தான் அனுமதி கொடுத்தேனோ என்று அவர் ஒரு நிமிஷம் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தால் போதும், எனக்கு மறக்கவே மறக்காது.

இன்னொன்று. இந்தப் பிள்ளைக்கு இதுவரை காயம் பட்டதில்லை, ரத்தம் வந்ததில்லை என்பது ஓர் இடத்தில் பெற்றோர் பேச்சில் வருகிறது. கேட்டவுடன் எனக்குத் தோன்றியது, அப்படியென்றால் தடுப்பூசி எப்படிப் போட்டார்கள்? அமெரிக்காவில் பள்ளியில் சேர்க்கவே தடுப்பூசிச் சான்று கேட்பார்களே. ஊசி இறங்கியிருக்காதே! தலைமுடி எப்படி வெட்டினார்கள், நகம் எப்படி வெட்டினார்கள்? குற்றம் கண்டுபிடிப்பதற்காக இதைக் கேட்கவில்லை. தாய்க்குப் பிள்ளையைத் தெரிவது இப்படித்தான், குளிப்பாட்டும்போது, நகம் வெட்டும்போது, சளி பிடித்தால் தைலம் தேய்க்கும்போது. பெரியாழ்வார் பாடியிருக்கிறாரே, பிள்ளையைக் குளிப்பாட்டி நாக்கை வழிக்க வாயைத் திறக்கச் சொன்ன யசோதை அந்த வாய்க்குள் ஏழு உலகத்தையும் கண்டாள் என்று. அவளும் வளர்ப்புத் தாய்தான், அவள் கையிலும் எங்கிருந்தோ வந்த பிள்ளைதான். நாக்கு வழிக்கிற அந்த ஒரு நொடியில் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது, இது என் பிள்ளை மாதிரி இல்லையே என்று. அப்படி ஒரு நொடி டோரிக்குப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது வந்திருக்க வேண்டாமா? நகம் வெட்டப் போய்க் கத்தரி உடைந்திருக்கும், அதைக் கணவனிடம்கூடச் சொல்லாமல் குப்பையில் போட்டிருப்பாள். அப்படி ஒரு காட்சி இருந்திருந்தால், பிற்பாடு எல்லாரும் பையனைச் சந்தேகப்படும்போது அவள் மட்டும் இல்லை இல்லை என்று பிடிவாதம் பிடிப்பது எவ்வளவு வலித்திருக்கும்! இப்போது அவள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற ஒரு தாயாக மட்டும் தெரிகிறாள், எரிச்சல்தான் வருகிறது.

நடுப்பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கெய்ட்லினின் கை நசுங்குகிறது, கோழிகள் சாகின்றன, அப்புறம் கெய்ட்லினின் அம்மா, அப்புறம் டோரியின் சகோதரியுடைய கணவர். வரிசையாக ஆள் விழுகிறார்கள். சாப்பாட்டுக் கடையில் டியூப் லைட் வெடித்துக் கண்ணாடிச் சில் அந்த அம்மாவின் கண்ணில் ஏறுகிறது, அவரே அதைப் பிடுங்குகிறார், அதை அவ்வளவு கிட்டத்தில் காட்டுகிறார்கள். டோரியின் சகோதரி கணவர் வண்டியில் போகும்போது நடப்பதை நான் எழுதவே விரும்பவில்லை. ஒன்றரை மணி நேரப் படத்தில் இந்த இரண்டு சாவுகளுக்கு எடுத்துக்கொண்ட பொறுமையில் பாதியைத் தாய்க்கும் மகனுக்கும் கொடுத்திருக்கலாம். கெய்ட்லின் என்ன ஆனாள்? வகுப்பில் அவனுக்குப் பரிந்து ஒரு வார்த்தை சொன்ன ஒரே பிள்ளை அவள்தான், கதையின் பாதியிலேயே அவளைக் கைவிட்டுவிட்டார்கள்.

சின்ன பட்ஜெட் படம், அதனால் இப்படித்தான் இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2012-ல் ஜோஷ் டிராங்க் இயக்கிய 'கிரானிக்கிள்' என்று ஒரு படம் வந்தது, அதுவும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிற சின்னப் படம்தான், சுமார் 1.2 கோடி டாலரில் எடுத்தது. அதிலும் ஒரு பள்ளிப் பையனுக்குச் சக்தி கிடைத்து அவன் கெட்டுப்போகிறான். ஆனால் எப்படி? வீட்டில் அம்மா சாகக் கிடக்கிறாள், அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார், பள்ளியில் யாரும் மதிப்பதில்லை. பின்னால் வருகிற வண்டிக்காரன் ஓயாமல் ஹாரன் அடிக்கிறான் என்று கையை ஒரு வீசு வீசுகிறான், வண்டி ரோட்டைவிட்டுத் தண்ணீருக்குள் போகிறது. கூட இருந்த பையன்கள் அலறுகிறார்கள், இவனுக்கு என்ன தப்பு என்றே புரியவில்லை. கடைசியில் அம்மாவின் மருந்துக்காகத் திருடப் போய்த்தான் எல்லாம் கைமீறுகிறது. ஒவ்வொரு படியாக இறங்குவதை நாம் கூடவே இருந்து பார்க்கிறோம், எந்தப் படியில் அவன் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. பிராண்டனைப் பார்க்கும்போது அப்படித் தோன்றவே இல்லை. நிறுத்தியிருக்க முடியாது, ஏனென்றால் பெட்டி பேசிவிட்டது.

தகப்பன் துப்பாக்கியோடு பையனைக் காட்டுக்கு மறுபடி அழைத்துப் போகிற காட்சி மட்டும் என்னை உட்கார வைத்தது. முதல் தடவை அறிவுரை சொல்ல அழைத்துப் போனவர், இப்போது பின்னாலிருந்து சுட. டென்மனின் கை நடுங்குவதை நம்பலாம். குண்டு தலையில் பட்டு ஒன்றும் ஆகவில்லை, பையன் திரும்பிப் பார்க்கிறான். அந்தப் பார்வையில் முதலில் கோபம் வரவில்லை, என்னையா என்று கேட்கிற பார்வை. அடுத்த நொடியே கண்ணிலிருந்து நெருப்பு, எல்லாம் முடிந்தது. அந்த 'என்னையா'வை இன்னும் அரை நிமிஷம் வைத்திருந்தால் என்ன?

கடைசிக் காட்சியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உலகத்தில் அவனைக் காயப்படுத்தக்கூடியது அந்த விண்கலத்தின் உலோகம் ஒன்றுதான் என்று டோரிக்குத் தெரிந்துவிட்டது. கொட்டகைக்குள் ஓடிப்போய் ஒரு துண்டை எடுத்து ஒளித்து வைத்துக்கொள்கிறாள். பையன் வருகிறான். உனக்குள் நல்லது இருக்கிறது, எனக்குத் தெரியும் என்கிறாள். நல்லது செய்யத்தான் எனக்கும் ஆசை அம்மா என்கிறான் அவன். கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். கட்டிப்பிடித்தபடியே அவள் அந்தத் துண்டை ஓங்குகிறாள். அவன் கையைப் பிடித்துக்கொள்கிறான். அப்புறம் அவளை மேகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டுபோய் விட்டுவிடுகிறான்.

அவன் சொன்னது நிஜமா? அந்த நிமிஷம் அவன் உண்மையிலேயே திரும்பி வந்திருந்தானா, அம்மா கையை ஓங்கியதால்தான் முழுக்கக் கெட்டுப்போனானா? இல்லை, அவளை ஏமாற்றத்தான் அப்படிச் சொன்னானா? இந்தக் கேள்விக்காக மட்டுமே நான் இந்தப் படத்தை இன்னொரு தடவை பார்ப்பேன். ஆனால் இந்தக் கேள்வி நம்மைச் சுட வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரு தடவையாவது அவன் நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் நின்று தடுமாறியிருக்க வேண்டும். அது இல்லாததால், கூட உட்கார்ந்து பார்த்த என் தங்கை சாதாரணமாக "நடிக்கிறான்" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, படம் அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

அதற்கப்புறம் ஒரு விமானம் விழுகிறது, அப்புறம் உலகத்தில் இன்னும் இதேபோல் சிலர் இருக்கிறார்கள் என்று ஒருவர் கத்துகிறார், அடுத்த படத்துக்கு அடித்தளமாம். அதெல்லாம் எனக்கு வேண்டாம்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு விஷயம், தயவுசெய்து இதையாவது வெளியிடுங்கள். போஸ்டரில் சிவப்புத் துணி கட்டிய சின்னப் பையன் இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் படம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவிலேயே 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் தியேட்டருக்குள் போக முடியாது என்கிற சான்றிதழ் கொடுத்த படம் இது. என் தங்கையின் பத்து வயது மகனும் முதல் பத்து நிமிஷம் எங்களோடு உட்கார்ந்திருந்தான், எழுப்பி உள்ளே அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டான், பெரியம்மா, அந்தப் பையனை அவங்க அம்மா திருத்திட்டாங்களா என்று. வாயைக் கொப்புளித்துவிட்டு வா, சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

உங்கள் சினிமா பக்கத்தில் இந்த மாதிரிப் படங்களைப் பற்றி யாராவது எழுதினால், எத்தனை நட்சத்திரம் என்பதோடு நிறுத்தாமல் கதை எந்த இடத்தில் கைநழுவியது என்றும் எழுதச் சொல்லுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை,
கோவில்பட்டி.